கையொப்பமும் ஒப்புதலும்: ஆசியான் நாடாளுமன்றங்களின் கூட்டுறவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், மணிலா மாநகரில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பீன்சு, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் நாடாளுமன்றப் பேராளர் குழுத் தலைவர்கள் ஓர் அமைப்புவிதியில் கையொப்பமிட்டனர். ‘ஐப்போ’ எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட ஆசியான் நாடாளுமன்றங்களுக்கிடையிலான அமைப்பு அன்று தோற்றம் பெற்றது. இன்று அது ‘ஐப்பா’ எனும் பேரவையாகத் தொடர்கிறது. ஆசியானைப் பற்றிய பேச்சில் அரசுத் தலைவர்களின் உச்சநிலை மாநாடுகளும் வெளியுறவு அமைச்சர்களின் கூட்டறிக்கைகளும் பெறும் கவனத்தில் ஒரு சிறு பங்கையும் இவ்வமைப்பு பெற்றதில்லை. பெறாமைக்குக் காரணம் உண்டு. அதன் தீர்மானங்கள் எந்த அரசையும் கட்டுப்படுத்துவதில்லை.

அண்டை நாட்டுச் சட்டமியற்றுநர்கள் கூடிப் பழகுவதால் பயன் உண்டா என்பது அடிக்கடி எழுப்பப்படும் வினா. அதற்கு முன்னதாக எழுப்பவேண்டிய வினா வேறொன்று உள்ளது. கூடியவர்களுக்குத் தத்தம் நாட்டில் இருந்த அதிகாரம் என்ன? இவ்வினாவை முன்வைத்துக் கடந்த அரை நூற்றாண்டை நோக்கினால், ஐப்போ தோன்றிய காலத்தில் அதன் உறுப்பு மன்றங்கள் பெரும்பாலும் வலுவற்றிருந்தன என்பதும், அவற்றுள் சில வலுப்பெற்ற பின்னர் அவ்வலிமையை எல்லை கடந்து இணக்கப்படுத்தும் ஏற்பாடு அமையவில்லை என்பதும் புலனாகும். அதனால் நேர்ந்த இழப்பை நம் வட்டார மக்கள் தம் மூச்சிலேயே உணர்ந்திருக்கின்றனர்.

பகைமைச் சூழல்

மணிலாக் கையொப்பத்தின் அருமையை உணர, அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளை நினைவுகூர வேண்டும். 1962இல் பிலிப்பீன்சு, அன்று வட போர்னியோ என வழங்கிய சபாவின்மீது உரிமை கோரியது. 1963 சனவரியில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபாண்ட்ரியோ, உருவாகவிருந்த மலேசியாவுக்கு எதிராகக் ‘கொன்ஃப்ரொந்தாசி’ என்னும் எதிர்ப்புக் கொள்கையை அறிவித்தார். போர்னியோவின் எல்லைக் காடுகளில் சண்டை மூண்டது. 1965 மார்ச் 10ஆம் நாள் சிங்கப்பூரின் மெக்டொனால்டு மாளிகையில் வெடித்த குண்டு மூவரைப் பலிகொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. இந்தோனேசியப் பகைமை 1966 ஆகஸ்டு 11ஆம் நாள் ஜகார்த்தாவில் கையொப்பமான உடன்பாட்டோடுதான் ஓய்ந்தது.

ஓராண்டுக்குள், 1967 ஆகஸ்டு 8ஆம் நாள், பாங்காக்கில் ஆசியான் பிறந்தது. ஆதாம் மாலிக், நார்சிசோ ராமோஸ், துன் அப்துல் ரசாக், எஸ். இராஜரத்தினம், தனாட் கோமான் ஆகிய ஐவரும் அதன் நிறுவனர்கள். இவர்களுள் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர் என்பது நம் வாசகர் அறிந்ததே. நாட்டு நலனை மட்டுமே எண்ணிப் பழகியோர் இனி வட்டார நலனையும் சேர்த்து எண்ண வேண்டும், அது வலியின்றி நிகழாது என்னும் கருத்தை அவர் அன்று அங்கேயே வலியுறுத்தினார். ஆயினும் பாங்காக் அறிவிப்பு முற்றிலும் வெளியுறவு அமைச்சர்களின் படைப்பு. அமைச்சர்களின் ஆண்டுக் கூட்டம், நிலைக்குழு, தேசியச் செயலகங்கள் என அது வகுத்த ஏற்பாட்டில் நாடாளுமன்றங்களுக்கு இடமில்லை.

இடமில்லாமற் போனதன் விளைவு மறு ஆண்டே தெரிந்தது. 1968 செப்டம்பரில் பிலிப்பீன்சுக் காங்கிரசு கடல் எல்லைக் கோடுகளைத் திருத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. 5446ஆம் எண் கொண்ட அச்சட்டத்தின் ஒரு பிரிவு, சபாவின்மீது பிலிப்பீன்சு இறையாண்மை பெற்றுள்ளது எனப் போகிற போக்கில் குறிப்பிட்டது. மலேசியாவுடனான தூதரக உறவு முறிந்தது. 1969 டிசம்பரில்தான் அது சீராயிற்று. ஆசியானின் முதற் பெரும் நெருக்கடிகளுள் ஒன்று சட்டமன்றம் ஒன்றிலிருந்து எழுந்தது என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை.

கையொப்பமிட்டோர் யார்?

ஐந்து நாடுகளின் நாடாளுமன்றங்களை ஒருங்கிணைக்கும் முயற்சியை முதலில் மேற்கொண்டது இந்தோனேசிய மக்களவை. 1975 சனவரியில் ஜகார்த்தாவில் அதற்கான முதற் கூட்டம் நடைபெற்றது. 1976 பிப்ரவரியில் பாலியில் ஆசியானின் முதல் உச்சநிலை மாநாடு கூடியது. அதன்பின் மணிலா.

1977 செப்டம்பரில் அவ்வைந்து மன்றங்களின் நிலையைச் சற்று நின்று நோக்க வேண்டும். விருந்தோம்பிய பிலிப்பீன்சில் நாடாளுமன்றமே இல்லை. 1972 செப்டம்பரில் ஃபெர்டினண்ட் மார்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்ததோடு காங்கிரசின் கதவுகள் மூடப்பட்டன. இருந்தது ‘படாசாங் பாயான்’ என்னும் நியமன ஆலோசனை மன்றம் மட்டுமே. இடைக்கால நாடாளுமன்றத்துக்கான தேர்தல் 1978 ஏப்ரலில்தான் நிகழ்ந்தது. தாய்லாந்தில் 1976 அக்டோபர் 6ஆம் நாள் மாணவர்கள் கொல்லப்பட்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் நியமன உறுப்பினர்களின் மன்றமே செயற்பட்டது. அதுவும் மணிலாக் கூட்டத்துக்குப்பின் ஏழு வாரங்களுக்குள், மற்றோர் ஆட்சிக் கவிழ்ப்பில் கலைக்கப்பட்டது. இந்தோனேசிய மக்களவையின் 460 உறுப்பினர்களுள் 100 பேர் நியமனம் பெற்றவர்கள். சிங்கப்பூரில் 1976 டிசம்பர்த் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 69 இடங்களையும் வென்றிருந்தது. மலேசிய நாடாளுமன்றம் 1969 மே கலவரத்துக்குப்பின் நிறுத்திவைக்கப்பட்டு 1971 பிப்ரவரியில் மீண்டும் கூடியது. 1974 தேர்தலில் 154 இடங்களுள் 135 தேசிய முன்னணிக்குச் சென்றன.

இவ்விவரங்களை இகழ்ச்சிக்காக இங்குத் தொகுக்கவில்லை. இத்தகைய மன்றங்கள் கூடினால் எத்தகைய அமைப்பு உருவாகுமோ அத்தகைய அமைப்பே உருவாயிற்று என்பதே கருத்து. ஆண்டுக்கொரு பொதுப்பேரவை, நாடுகளுக்கிடையே சுழலும் தலைமை, அனைவரும் இணங்கினாலன்றி நிறைவேறாத தீர்மானம் ஆகியவையே ஐப்போவின் அடித்தளம். அரசின் கருத்தோடு மாறுபடும் உரிமை உள்நாட்டிலேயே அரிதாயிருந்தவர்கள் அண்டை நாட்டில் அமர்ந்து மாறுபடுவார்கள் என எதிர்பார்க்க இயலாது. எனினும் பத்தாண்டுகளுக்கு முன்னர்ப் படை நடத்திய நாடுகளின் உறுப்பினர்கள் ஒரே மேசையில் உணவருந்தியது அற்பச் செய்தி அன்று. அன்றைய நிலையில் அதுவே பெரும்பேறு எனலாம்.

ஆனால் அக்கூட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர் நிகழ்ந்த மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1977 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கூடிய இரண்டாம் உச்சநிலை மாநாட்டில், சபா மீதான உரிமைக் கோரிக்கையைக் கைவிட நடவடிக்கை எடுக்கப்போவதாக மார்கோஸ் அறிவித்தார். அறிவிப்பு வரவேற்கப்பட்டது. 1968இன் சட்டமோ நீக்கப்படவில்லை. 1986இல் மார்கோஸ் வீழ்ந்தார். காங்கிரசு மீண்டும் உயிர்பெற்றது. சட்டம் அப்படியே நின்றது. 2009இல் கடல் எல்லைக் கோடுகளைப் புதுப்பித்துச் சட்டம் இயற்றியபோதும் சபா குறித்த பழைய பிரிவு நீக்கப்படவில்லை என்பதை 2011இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2024 நவம்பரில் பிலிப்பீன்சு இயற்றிய கடல்வலயச் சட்டத்துக்கு எதிராக மலேசியா, சபாவைச் சுட்டி, எதிர்ப்புக் குறிப்பு அனுப்பியது. ஓர் அதிபரின் வாய்மொழியை அவர் நாட்டுச் சட்டமன்றம் அரை நூற்றாண்டு ஆகியும் சட்டமாக்கவில்லை.

புகைமூட்டமும் பன்னிரண்டு ஆண்டுகளும்

1998 மே மாதத்தில் சுகார்த்தோ பதவி விலகினார். 1999 முதல் 2002 வரை இந்தோனேசிய அரசியலமைப்பு நான்கு முறை திருத்தப்பட்டது. அதுவரை அதிபரின் விருப்பத்துக்கு முத்திரையிட்டு வந்த மக்களவை, மறுக்கவும் வல்லதாயிற்று. மக்களாட்சியை விரும்புவோர் அனைவரும் மகிழத்தக்க மாற்றம் இது. அதன் மறுபக்கத்தை முதலில் உணர்ந்தவர்கள் மலாக்கா நீரிணையின் இக்கரையில் வாழ்ந்தோர்.

1997இல் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் பரவிய காட்டுத்தீயால் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐக் கடந்தது. அம்மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இதன் விளைவாகப் பிறந்தது எல்லை கடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டுக்கான ஆசியான் உடன்படிக்கை. 2002 ஜூன் 10ஆம் நாள் கோலாலம்பூரில் பத்து நாடுகளும் அதில் கையொப்பமிட்டன. ஆறு நாடுகள் ஏற்புறுதி அளித்ததும் 2003 நவம்பர் 25ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர், மலேசியா, மியன்மார், புருணை, வியட்நாம், தாய்லாந்து ஆகியவை அவ்வாறு நாடுகள். இவற்றுள் மியன்மாரிலும் புருணையிலும் அப்போது செயற்படும் சட்டமன்றமே இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உடன்படிக்கைக்கு ஏற்புறுதி வழங்குவது அமைச்சரவையின் அதிகாரம். அதற்கென நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை. ஏற்புறுதி விரைந்து வந்ததன் இரகசியம் இதுவே.

புகை எழுந்த நாடாகிய இந்தோனேசியாவில் மக்களவையின் ஒப்புதல் தேவைப்பட்டது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஒப்புதல் வரவில்லை. 2008இல் மக்களவை உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. இம்மறுப்பை அண்டை நாட்டு நாளேடுகள் பிடிவாதமாகவே சித்திரித்தன. அவ்வுறுப்பினர்களின் வாதங்களையும் கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. தீப்பற்றும் நிலங்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலீட்டில் இயங்கும் செம்பனைத் தோட்டங்களும் உள்ளன. ஆதாயம் அங்கே செல்லப் பழி மட்டும் இங்கே தங்குவதா என அவர்கள் வினவினர். சட்டத்துக்குப் புறம்பாக வெட்டப்பட்டு எல்லை கடக்கும் மரங்களைப் பற்றி அண்டை நாடுகள் என்ன செய்தன என்றும் கேட்டனர். இவ்வினாக்களில் நியாயம் உண்டு.

இவ்வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியவர்கள் யார்? சுற்றுச்சூழல் அமைச்சர்கள் ஆண்டுதோறும் கூடினர். ஆனால் ஜகார்த்தா மக்களவை உறுப்பினரின் கேள்விக்கு மலேசிய அமைச்சர் பதில் கூறக் கடமைப்பட்டவர் அல்லர். ரியாவ் மாநிலத்தின் உறுப்பினரும் ஜொகூர்த் தொகுதி ஒன்றின் உறுப்பினரும் ஒரே கோப்பை முன்வைத்து, தோட்ட உரிமையாளர்களை அழைத்து விசாரிக்கும் கூட்டுக்குழு ஒன்று இருந்திருந்தால் போக்கு வேறாக இருந்திருக்கும் என்பது கட்டுரையாளரின் எண்ணம். ஐப்பாவின் பேரவையில் சுற்றுச்சூழல் பற்றிய தீர்மானங்கள் நிறைவேறாமல் இல்லை. அவை வேண்டுகோள்களாகவே நின்றுவிட்டன.

2013 ஜூன் மாதத்தில் சிங்கப்பூரில் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. இரு நாள்களில் மூவாரில் குறியீடு 746க்கு உயர்ந்து மீண்டும் அவசரநிலை வந்தது. இந்தோனேசிய அதிபர் சுசிலோ பம்பாங் யூதோயோனோ இரு நாடுகளிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். ஓர் அதிபர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அவர் நாட்டு மக்களவையின் ஒப்புதலோ இன்னும் நிலுவையில் இருந்தது!

அடுத்த ஆண்டு இரு சட்டமன்றங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் செயற்பட்டன. 2014 ஆகஸ்டு 5ஆம் நாள் சிங்கப்பூர் நாடாளுமன்றம், அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் முன்மொழிந்த எல்லை கடந்த புகைமூட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. புகைக்குக் காரணமான நிறுவனம் எந்த நாட்டில் இயங்கினும் நாளொன்றுக்கு 1,00,000 வெள்ளி, மொத்தம் 20 இலட்சம் வெள்ளி வரை தண்டம் விதிக்க அச்சட்டம் வழிவகுத்தது. செப்டம்பர் 16ஆம் நாள் இந்தோனேசிய மக்களவை ஆசியான் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. பத்து நாடுகளுள் கடைசி ஒப்புதல் அதுவே. சிங்கப்பூர்ச் சட்டம் செப்டம்பர் 25ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இவ்விரு செயல்களும் ஒன்றையொன்று நோக்கிச் செய்யப்பட்டவை என்பது வெளிப்படை. ஆயினும் இணைந்து செய்யப்பட்டவை அல்ல. அதனாலேயே பின்னர்ச் சிங்கப்பூர் அதிகாரிகள் இந்தோனேசிய நிறுவனங்கள்மீது அச்சட்டத்தைச் செயற்படுத்த முனைந்தபோது, ஜகார்த்தாவில் அது இறையாண்மை மீறலாகப் பார்க்கப்பட்டது. இரு மன்றங்களும் கலந்து பேசி இணைச் சட்டங்களாக இயற்றியிருந்தால் அச்சினத்துக்கு இடமிருந்திராது.

பதினேழு ஆண்டு காத்திருந்த ஒப்பந்தம்

இதே பாடம் வேறொரு துறையிலும் கிடைக்கிறது. 2007 ஏப்ரல் 27ஆம் நாள் பாலியில் இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்திலும் தற்காப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலும் ஒருசேரக் கையொப்பமிட்டன. முதலாவதை ஜகார்த்தா நெடுநாள் விரும்பியது. இரண்டாவது சிங்கப்பூருக்குப் படைப்பயிற்சிக் களம் தருவது. இணைத்துக் கட்டிய இவ்விரண்டையும் இந்தோனேசிய மக்களவை பிரித்தே நோக்கியது. தம் நாட்டுக் கடற்பரப்பில் அயல்நாட்டுப் படை பயில்வதை உறுப்பினர்கள் எதிர்த்தனர். ஒப்பந்தங்கள் இரண்டுமே கிடப்பிற் போயின.

2022 சனவரி 25ஆம் நாள் பிந்தான் தீவில் இருநாட்டுத் தலைவர்களின் முன்னிலையில் புதிய ஒப்பந்தங்கள் கையொப்பமாயின. குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் சார்பில் சட்ட அமைச்சர் கா. சண்முகம் கையொப்பமிட்டார். 2022 டிசம்பரில் இந்தோனேசிய மக்களவை ஒப்புதல் வழங்க, 2024 மார்ச் 21ஆம் நாள் அவை நடைமுறைக்கு வந்தன. முதற் கையொப்பத்துக்கும் நடைமுறைக்கும் இடையே ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள். அமைச்சர்கள் தமக்குள் எத்துணை நெருங்கினாலும் மக்களவையின் உட்குழு ஒன்று அதனை நிறுத்திவைக்க முடியும் என்பதை அரசுகள் காலங்கடந்தே கற்றன.

பெயர் மாற்றமும் பின்னிணைப்பும்

ஐப்போவும் மாறாமல் இருந்துவிடவில்லை. 2006இல் செபு நகரில் கூடிய பொதுப்பேரவை அதனை ‘ஐப்பா’ எனும் பேரவையாக மாற்றத் தீர்மானித்தது. போதைப்பொருள் ஒழிப்புக்கெனத் தனிக் குழுவும், சட்டங்களை ஒத்திசைவாக்குவதற்கெனப் பிறிதொரு குழுவும் இயங்கத் தொடங்கின. ஆனால் 2007 நவம்பரில் சிங்கப்பூரில் கையொப்பமான ஆசியான் சாசனத்தில் ஐப்பாவின் இடம் எது எனத் தேடுவோர் சற்றே திகைப்பர். ஆசியானின் உறுப்பமைப்புகளைக் கூறும் இயலில் அது இல்லை. ‘ஆசியானுடன் தொடர்புடைய அமைப்புகள்’ என்னும் இரண்டாம் பின்னிணைப்பிலே உள்ளது. ஆசியான் சதுரங்கக் கூட்டமைப்பும் பட்டம் விடுவோர் மன்றமும் இடம்பெற்றுள்ள அதே பின்னிணைப்புதான். முதலிடம் தரப்பட்டுள்ளது என்பது ஓர் ஆறுதல்.

1952இல் நிறுவப்பட்ட நோர்டிக் மன்றத்தை இங்கு ஒப்பிடலாம். டென்மார்க், சுவீடன், நார்வே, ஐஸ்லாந்து, பின்னர்ச் சேர்ந்த பின்லாந்து ஆகியவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடும் அம்மன்றத்தின் பரிந்துரைகளும் அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் அங்கு அமைச்சர்கள் வந்தமர்ந்து அயல்நாட்டு உறுப்பினர்களின் கேள்விகளுக்கும் விடையளிக்கின்றனர். 1954இல் பொதுத் தொழிற்சந்தையும், ஐம்பதுகளின் இறுதியில் கடப்பிதழ்ச் சோதனையற்ற பயணமும் அங்கு இயன்றமைக்கு இப்பழக்கம் துணைநின்றது. அந்நாடுகளுக்கிடையே மொழியும் சமயமும் நெருக்கமானவை என்பதை மறுப்பதற்கில்லை. கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு அந்நெருக்கம் இன்றியமையாததா என்பது ஐயமே.

இருக்கையற்ற உறுப்பினர்கள்

ஒரு செய்தியில் ஐப்போ ஆசியானைவிடக் கண்டிப்பாக நடந்துகொண்டது. 1997 ஜூலையில் மியன்மாரை ஆசியான் உறுப்பு நாடாக ஏற்றது. ஐப்போ ஏற்கவில்லை, நாடாளுமன்றம் இல்லாத நாட்டுக்குப் பார்வையாளர் நிலைதான் எனக் கூறிவிட்டது. 1990 மே தேர்தலில் தேசிய மக்களாட்சி முன்னணி 485 இடங்களுள் 392ஐ வென்றும் அந்நாடாளுமன்றம் ஒருநாளும் கூட்டப்படவில்லை. புருணையும் 2009 வரை பார்வையாளராகவே இருந்தது. 1977இல் நியமன மன்றங்களை ஏற்றுக்கொண்ட அமைப்பு இவ்வாறு வரையறுத்தது முரணாகத் தோன்றலாம். வரையறை பிறந்தது என்பதே குறிப்பிடத்தக்கது.

2004 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய சில நாடாளுமன்ற உறுப்பினர்கள் இன்னும் ஓரடி முன்வைத்தனர். மலேசியாவின் ஸாயிட் இப்ராகிம் தலைமையில் மியன்மாருக்கான ஆசியான் நாடாளுமன்ற உறுப்பினர் குழு அமைந்தது. ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் அதில் கலந்திருந்தனர். 2006இல் மியன்மார் ஆசியானின் தலைமையை ஏற்கக்கூடாது என இக்குழு பல தலைநகரங்களில் குரலெழுப்பியது. 2005 ஜூலையில் வியஞ்சானில் மியன்மார் அத்தலைமையை விட்டுக்கொடுத்தது. மேலைநாடுகளின் அழுத்தமே முதற் காரணம் என்பார் உளர். உண்மையும் அதில் உண்டு. ஆனால் ஆசியான் அரசுகள் ஒன்றன் உள்விவகாரத்தில் மற்றொன்று தலையிடாத மரபுக்குள் நின்று வாய் திறக்கத் தயங்கியபோது, அந்நாடுகளின் உறுப்பினர்களே திறந்தனர் என்பது புதிது. ஐப்பாவின் முறையான கூட்டங்களில் முழு இணக்க விதி அதற்கு இடந்தராது. 2013இல் மனித உரிமைக்கான ஆசியான் நாடாளுமன்ற உறுப்பினர் அமைப்பும் இவ்வழியிலேயே உருவாயிற்று. கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராக 2008 முதல் 2022 வரை விளங்கிய சார்ல்ஸ் சந்தியாகு அதன் தலைவராகப் பணியாற்றினார்.

2011இல் மியன்மாரில் நாடாளுமன்றம் கூடியது. அந்நாடு ஐப்பாவின் முழு உறுப்பினராயிற்று. 2020 நவம்பர்த் தேர்தலில் வென்றோர், 2021 பிப்ரவரி 1ஆம் நாள் கூடவிருந்த புதிய நாடாளுமன்றத்துக்காக நேப்பிடோ நகரில் வந்து தங்கியிருந்தனர். அன்று விடியுமுன் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பதவிப் பிரமாணத்துக்காகக் காத்திருந்த நூற்றுக்கணக்கானோர் தம் விடுதி வளாகத்துக்குள்ளேயே, வாயிலில் படைவீரர்கள் நிற்க, அடைத்துவைக்கப்பட்டனர்.